நாற்பது வரை

சென்னையிலிருந்து கூரியரில் வந்திருக்கிறது
இந்த வருஷத்துக் கேட்லாக்.
வழவழ தாள், நூற்று அறுபது பக்கம்,
மோந்து பார்த்தால் புதுச்செருப்பு வாசம்.
நான் முதலில் தேடுவது விலையை அல்ல.
விலை எங்கே போட்டிருக்கிறான்?
‘அழைக்கவும்’ என்று ஒரு நம்பர்.
வரன் பார்க்கும் புரோக்கர்கூட
இவ்வளவு பிகு பண்ணுவதில்லை.

கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்:
இயங்கும் வெப்பநிலை பூஜ்யம் முதல் நாற்பது வரை.
அதைத்தான் பார்ப்பேன்.

அட்டையில் ஒருத்தன் பனிமலைமேல் நிற்கிறான்.
தோளில் கேமரா, முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.
அவனை எத்தனையாவது பந்தியில் உட்காரவைத்தார்கள்,
பேட்டரிக்குச் சார்ஜ் போட
மண்டபத்து மேனேஜரிடம் எத்தனை தடவை கெஞ்சினான்,
ஒன்றும் போடவில்லை.

போன மே மாசம் பள்ளிகொண்டாவில்
தகரப்பந்தல் கல்யாணம். நாற்பத்து மூணு டிகிரி.
ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை உயர்த்த,
என் திரையில் சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படம்.
அப்புறம் கறுப்பு.
தாலி கட்டியதைப் பார்த்தது
அசிஸ்டண்ட் இம்தியாஸின் செல்போன் மட்டும்.
மாப்பிள்ளையின் மாமா இன்னும் பாக்கி தரவில்லை.
நியாயம்தான்.

ஸ்டுடியோ குடியாத்தம் தரணம்பேட்டையில், மாடியில்.
கீழே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் கூடம்.
எட்டுப் பெண்கள், ஒரு டிவி.
பதினொரு மணிக்குப் போட்டால் மூணு வரைக்கும்
படிக்கட்டேறி என் காதுக்கு வரும்.
சாப்பிட இறங்கும்போதெல்லாம் கண்ணுக்கும்.

தொழில்காரனாகச் சொல்கிறேன்:
ராசிக்கல் விற்பவரின் காதோரம்
பச்சைத்திரை பிய்யாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அந்த நிகழ்ச்சியில் உருப்படியான மரகதம் அது ஒன்றுதான்.
மூலிகைத் தைலக்காரருக்குப் பின்னால் அருவி.
ஏழு வினாடிக்கு ஒருமுறை
முதலிலிருந்து விழுகிறது.
சமையலில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஆவி.
சீரியலில் நடுச்சாமம்
நகைக்கடை மாதிரி எரிகிறது,
அழுகிறவளுக்கு மூக்கின் கீழ் நிழலே கிடையாது.
அப்புறம் அந்த மூன்று வெட்டு.
மாமியார் திரும்புகிறாள்.
திரும்புகிறாள்.
திரும்புகிறாள்.
அந்த எடிட்டர் என் கையில் கிடைத்தால்
முதலில் அவன் விரலைத்தான் வெட்டுவேன் என்று
நான் சொல்லிக்கொண்டிருந்தது ஆடி மாசம் வரைக்கும்.

ஆடியில் கல்யாணம் இல்லை, மோட்டாரும் ரிப்பேர்.
கீழ்க்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன்.
எட்டுப் பேரில் ஒருத்தியும் டிவி பார்க்கவில்லை.
பசை, லேபிள், பெட்டி. பசை, லேபிள், பெட்டி.
டிவியில் இடி இடித்தது.
முதல் திரும்பலில் பவுனம்மா
கையிலிருந்த பெட்டியை முடித்தாள்.
இரண்டாவதில் நிமிர்ந்தாள்.
மூன்றாவதில் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.
“நெனச்சேன், இவதான் பண்ணிகீறா.”
மறுபடி குனிந்துகொண்டாள்.

குடம் வழிந்து காலை நனைத்தது.

யாருக்காக வெட்டுகிறோம் என்று
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
இருபத்திரண்டு வருஷமாக நான்
போட்டிக்கு அனுப்புகிற மாதிரி
கல்யாணங்களை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.
(அருவிக்கு மட்டும் இன்னும் மன்னிப்பில்லை.)

மாடியேறி பள்ளிகொண்டா ஃபைலைத் திறந்தேன்.
இம்தியாஸ் எடுத்தது பதினொரு வினாடி.
ஆட்டம், யாரோ ஒருவரின் முழங்கை,
முழங்கைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கயிறு.
மூன்று தடவை வைத்தேன்.
ஒன்று கட்டினவனுக்கு,
ஒன்று அட்சதை போடக் குனிந்த கூட்டத்துக்கு,
ஒன்று அந்நேரம் பந்தியில்
சாம்பார் வாளியோடு நின்ற பெண்ணின் சித்திக்கு.
பாக்கி வந்ததா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் பவுனம்மா படியேறி வந்தாள்,
பசைக்கிண்ணத்துக்கு அடியில் வைக்க
கெட்டியாக ஏதாவது இருக்கிறதா என்று.
கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு
மிச்சத்தைக் கொடுத்தேன்.

சாயங்காலம் இறங்கும்போது பார்த்தேன்.
கிண்ணத்துக்குக் கீழே அவன்,
பனிமலை, தோளில் கேமரா,
நெற்றியிலிருந்து முதல்முறையாக
ஏதோ வழிந்துகொண்டிருந்தது.